கேட்கத் தவறிய ஓசை

எழுத்துகளின் ஓசையைப் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பதே இருபது ஆண்டுகளாக என் பணி. அரபியில் தொண்டையின் நடுவிலிருந்து எழும் 'ஹா' ஒன்று. தொண்டையின் அடியிலிருந்து எழும் 'ஹா' மற்றொன்று. பழகாத தமிழ்ச் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓதிக்கொண்டிருக்கும்போது, கடைசி வரிசையில் ஒரு சிறுவன் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை உச்சரித்துவிட்டால், தலை நிமிராமலே "திரும்ப ஓது" என்று சொல்லிவிடுவேன். இந்தச் செவியைப் பற்றி எனக்குள் சற்றுப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை சென்ற ஐப்பசி மழையில் உடைந்துபோன கதையைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் குடியிருப்பது இராஜபாளையம். பணிபுரியும் மதரஸா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. இடையில் பதினொரு கிலோமீட்டர் அளவே தூரம். நீண்ட காலம் பேருந்திலேயே போய் வந்துகொண்டிருந்தேன். தாயாருக்குக் கண்ணில் புரை விழுந்து, படியேறுவதும் பேருந்துக்காக நிற்பதும் இயலாமற் போனபோது, உறவினர் ஒருவரிடமிருந்து பழைய மாருதி 800 ஒன்றைத் தவணை முறையில் வாங்கினேன். 1983ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்து, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அந்தச் சிறிய வண்டியை அறியாத குடும்பம் இராது. என் வசதிக்கு அதுவே பெரிய செல்வம்.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு பக்கம் பார்த்தபடி போகும் சாலை அது. காலையில் பால்கோவாக் கடைகளுக்குப் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு இருசக்கர வண்டிகள் விரையும். மாலையில் நூற்பாலைகளில் முறை மாறும் நேரத்தில், சைக்கிளும் நடையுமாகத் தொழிலாளர் கூட்டம் சாலையை நிறைத்துவிடும். மதுரைக்கும் தென்காசிக்கும் போகும் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் அதே சாலையைத்தான் பயன்படுத்துகின்றன. அப்படிப்பட்ட சாலையில் வண்டி ஓட்டுபவனுக்கு, வண்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது பெரிய செய்தியன்று. எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதே செய்தி. இதை நான் அறிந்துகொண்டது தாமதமாகத்தான்.

முதலில் கேட்டவள் என் இளைய மகள். ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தும்போது, "அத்தா, சக்கரம் கீச்சுக் கீச்சுன்னு அழுவுது" என்றாள். மழை ஈரமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமும் சொன்னாள். அப்போது பள்ளிக்கு இரண்டாம் பருவக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. தாயாரின் கண் அறுவைக்கும் தொகை சேர்க்க வேண்டியிருந்தது. பட்டறைக்குப் போனால் ஒன்றைப் பார்க்கச் சொன்னால் நான்கைச் சொல்வார்கள் என்ற அச்சம் வேறு. எனவே நான் செய்தது என்ன தெரியுமா? கைப்பேசியில் ஒரு காரியின் கிராஅத்தைப் போட்டு, சற்று உரக்க வைத்துக்கொண்டேன். செவியைத் திறக்க வேண்டிய ஓதலை, செவியை அடைக்கும் திரையாக ஆக்கிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். முன்பக்கத்து மூடியைத் திறந்து பார்த்தபோது, பிரேக் ஆயில் இருக்கும் சிறு குப்பியில் அளவு குறைந்திருந்தது. ஒரு டப்பா வாங்கி ஊற்றி நிரப்பினேன். ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை. குறை கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டதாகவே மனநிறைவு கொண்டேன்.

மூன்றாம் வாரத்தில் கீச்சொலி நின்றது. அதன் இடத்தில், அம்மிக்கல்லைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதைப் போன்ற ஒரு கரகரப்பு வந்தது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். மிதிக்கட்டையின் வழியாக அது பாதத்திற்கும் ஏறியது.

ஒரு மாலை. அஸர் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். இராஜபாளையத்தின் எல்லையை நெருங்கும் இடத்தில், தூறல் விழுந்துகொண்டிருந்தது. நின்றிருந்த ஒரு சரக்கு வண்டிக்குப் பின்னாலிருந்து சைக்கிள் ஒன்று சாலைக்குள் வந்தது. மிதித்தேன். கரகரப்பு வந்ததே தவிர, வண்டி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு மேலும் சென்றது. முழுப் பலத்தையும் கொடுத்து மிதித்தபோது, சைக்கிளின் பின்சக்கரத்திற்கும் என் வண்டிக்கும் இடையே ஒரு முழம் இருக்கும், அவ்வளவுதான்.

சைக்கிளில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். என்னிடம் ஓதும் மாணவன். அவன் முகத்தில் அச்சம் இல்லை. தன்னைக் கண்டு பேசுவதற்காகவே நான் வண்டியை நிறுத்தியதாக எண்ணிவிட்டான். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மலர்ந்த முகத்தோடு எனக்கு ஸலாம் சொன்னான். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. சற்று நின்று பார்த்துவிட்டு, அவன் போய்விட்டான். அந்தப் பிள்ளை இன்றுவரை அறியமாட்டான். நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் அங்கேயே இருந்தேன்.

ஓசையின் இலக்கணம்

இரண்டாவது கியரிலேயே வண்டியை ஊர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். எங்கள் தெருவில் அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நடந்ததைச் சொன்னேன். அவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார்.

"ஹஜரத், சத்தம் மிதிக்கும்போது மட்டுந்தானா, ஓடும்போதுமா? காலையில முதல் மிதியில வந்து பிறகு போயிருதா, கடைசி வரைக்கும் இருக்கா? வேகத்தோட ஏறுதா? மிதிகட்டை கல்லு மாதிரி இருக்கா, பஞ்சு மாதிரி இறங்குதா?"

நான் மாணவர்களிடம் கேட்பதைப் போலவே இருந்தது. ஓசை எங்கே பிறக்கிறது என்று அறிந்தால்தான் பிழை எது என்று அறிய முடியும். அன்று அவர் எனக்குச் சொன்ன பாடத்தை வாசகர்களுக்கும் தருகிறேன்.

மழை இரவுக்குப் பின் காலையில் முதல் இரண்டு மூன்று மிதிகளுக்கு மட்டும் இலேசான உரசல் கேட்டு மறைந்தால், அது டிஸ்க் எனப்படும் இரும்பு வட்டின் மேல் படிந்த துரு, அஞ்ச வேண்டியதில்லை. மிதிக்கும்போது மெல்லிய கீச்சொலி தொடர்ந்து வந்தால், பேடு தேய்ந்துவிட்டது என்ற அறிவிப்பாக இருக்கலாம். பல பேடுகளில் இதற்கென்றே ஒரு சிறு இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். பேடு குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் அத்தகடு வட்டைத் தொட்டுக் கத்தும். அது பழுதன்று, எச்சரிக்கை. அதைக் கேளாமல் விட்டால் உராய்வுப் பொருள் முழுவதும் தீர்ந்து, அதைத் தாங்கும் இரும்புப் பலகையே வட்டை அறுக்கத் தொடங்கும். அதுதான் கரகரப்பு. பிரேக்கை மிதிக்காமலே உரசல் கேட்டால், வட்டுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கியிருக்கலாம். மிதிப்பதற்குத் தொடர்பில்லாமல், வேகத்தோடு சேர்ந்து ஏறும் முனகலாயின், பெரும்பாலும் சக்கரத்தின் பேரிங். மிதிகட்டை துடித்தால் வட்டு சீராக இல்லை. மிதிகட்டை பஞ்சுபோல் இறங்கினால் ஆயில் கசிகிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே பழுது. அந்த வண்டியை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது.

என் மகள் கேட்டது கீச்சொலி. நான் காத்திருந்து பெற்றது கரகரப்பு. இரண்டு 'ஹா'க்களைப் பிரித்தறிபவன் இந்த இரண்டையும் பிரித்தறியவில்லை.

பிறகு, தெருக்கோடியிலுள்ள காலி மைதானத்தில் மனிதர் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக வண்டியை ஓட்டச் சொல்லி, மிதிகட்டையைத் தொடாமல் கைபிரேக்கை மட்டும் மெல்ல இழுக்கச் சொன்னார். ஓசை இல்லை. இந்த வண்டியில் கைபிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். எனவே குற்றவாளி முன்சக்கரத்தில் இருக்கிறான் என்று தெரிந்தது. ஒரு கருவியும் இல்லாமல் பாதிச் சோதனை முடிந்துவிட்டது.

வெளியே நலம், உள்ளே அழிவு

மறுநாள் விடுமுறை. சுபுஹுக்குப் பின் வெளிச்சம் வந்ததும் முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம். சமதளமான தரை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, அதன் பிறகே ஜாக்கியை ஏற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அருகே உட்கார அண்ணாச்சி விடவில்லை. தம் வீட்டிலிருந்து இரும்புத் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்து உடலுக்கு அடியில் கொடுத்தார். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் படுக்க வைத்தார். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வண்டியைத் தாங்க வைப்பவர்கள் உண்டு. அவை முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். அது வேண்டவே வேண்டாம்.

சக்கரம் போனதும் நான் எட்டிப் பார்த்தேன். வெளிப்பக்கத்துப் பேடு பாதிக்கு மேல் மீதமிருந்தது. "பேடு நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி!" என்றேன், ஏதோ வழக்கில் வென்றவனைப் போல. அவர் ஒன்றும் சொல்லாமல் கைவிளக்கை உட்பக்கமாகத் திருப்பினார். உட்பக்கத்துப் பேடில் உராய்வுப் பொருள் என்பதே இல்லை. இரும்பும் இரும்பும் உரசி, வட்டின் உள்முகத்தில் இசைத்தட்டின் வரிகளைப்போல ஆழமான பள்ளங்கள் விழுந்திருந்தன.

இது ஏன் நேர்ந்தது என்பதை அவர் விளக்கினார். நாம் மிதிக்கும்போது குழாயிலுள்ள ஆயில் அழுத்தத்தை அப்படியே கடத்துகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டார். அதுவே நம் காலடியில் வேலை செய்கிறது. அந்த அழுத்தத்தால் காலிப்பர் என்ற கவ்வியிலுள்ள பிஸ்டன், உட்பக்கத்துப் பேடை வட்டின்மேல் தள்ளுகிறது. அதன் எதிர்விசையால் கவ்வி முழுவதும் இரு இரும்பு ஊசிகளின்மேல் சறுக்கி, வெளிப்பக்கத்துப் பேடையும் இழுத்து அமுக்குகிறது. அந்த ஊசிகள் வழுவழுப்பாக இருக்க வேண்டும். என் வண்டியில் ஊசியை மூடும் இரப்பர் உறை கிழிந்து, மழைநீர் புகுந்து, ஊசி துருவேறி இறுகிவிட்டது. கவ்வி சறுக்கவில்லை. எல்லாப் பாரத்தையும் உட்பக்கத்துப் பேடு ஒன்றே சுமந்து, தேய்ந்து அழிந்தது. வெளிப்பக்கத்துப் பேடு சும்மா இருந்து பளபளத்தது. ஒரு குடும்பத்திலும் இது நடப்பதை நாம் காண்கிறோம்.

ஆயில் குறைந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. பேடு தேயத் தேய பிஸ்டன் முன்னே நகரும். அது விட்ட இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆயில் எங்கும் ஒழுகவில்லை. பேடு தேய்ந்ததையே அது காட்டிற்று. நான் சாட்சியின் வாயில் மேலும் ஆயிலை ஊற்றி அடைத்திருக்கிறேன்.

மீண்டும் நம்மைப் பெரிதும் காத்துக்கொள்ள வேண்டிய இடம் அங்கே படிந்திருந்த கரும்பொடி. ஊதப் போனேன்; கையைப் பிடித்துத் தடுத்தார். பழைய பிரேக் உராய்வுப் பொருள்களில் நெடுங்காலம் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழைகளைச் சுவாசித்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரும் என்பது உறுதி செய்யப்பட்ட உண்மை. பழைய வண்டியில் எந்தக் காலத்துப் பொருள் இருக்கிறது என்று கண்ணால் அறிய முடியாது. வாயாலும் காற்றுக் குழாயாலும் ஊதாமல், முகத்தை மூடிக்கொண்டு, பிரேக் சுத்தம் செய்யும் திரவத்தால் நனைத்துத் துடைக்க வேண்டும். பிள்ளைகளை அருகே விடக் கூடாது.

கை எங்கே நிற்க வேண்டும்

கவ்வியைக் கழற்றியதும் அதை இரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டினோம். இரண்டு முன்சக்கரங்களின் வட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். நூற்பாலைகள் நிறைந்த ஊராதலால் எங்கள் ஊரில் அத்தகைய பட்டறைகளுக்குக் குறைவில்லை. வட்டைக் கடைந்து சமன்செய்துவிடலாம் என்பது என் ஆசை. பட்டறைக்காரர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். இதற்குக் கீழே போகக் கூடாது என்று வட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் கனத்துக்குக் கீழே அது ஏற்கெனவே போயிருந்தது. "கடைஞ்சு தாறேன்னு காசு வாங்கலாம் பாய். ஆனா இது சூடேறுனா விரிசல் விடும்" என்று கூறித் திருப்பித் தந்துவிட்டார். வர வேண்டிய கூலியை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டவன்.

சூடு என்று அவர் சொன்னது சாதாரணமன்று. ஆட்களோடு 850 கிலோ எடையுள்ள ஒரு வண்டி 60 கி.மீ. வேகத்தில் போய் ஒருமுறை நிற்கும்போது, ஒரு லிட்டர் தண்ணீரை 28 பாகை சூடேற்றும் அளவு வெப்பம் பிரேக்குகளில் பிறக்கிறது. வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. நல்ல பிரேக்கோடு உலர்ந்த சாலையில் அந்த வேகத்திலிருந்து நிற்க, சுதாரிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்தால், 37 மீட்டர் அளவு தேவை. பிரேக்கின் பலம் பாதியாகிவிட்டால் அதுவே 57 மீட்டர். இடையிலுள்ள 20 மீட்டரில்தான் ஒரு மாணவனின் சைக்கிள் இருக்கிறது.

புதிய வட்டுகள் இரண்டும், பேடுகள் ஒரு செட்டும், இரப்பர் உறைகளும் வாங்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் மட்டுமே கெட்டிருந்தாலும் இரு பக்கமும் மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு புறமாக இழுக்கும். மூன்று வாரங்களுக்கு முன், கீச்சொலியின்போதே பார்த்திருந்தால் பேடும் உறையும் போதும். காத்திருந்ததன் விலை மும்மடங்கு. காசை மிச்சம் பிடித்ததாக எண்ணியிருந்தேன்.

பூட்டும் வேலையை அண்ணாச்சி என் கையாலேயே செய்யவைத்தார். ஊசிகளைத் துரு நீக்கித் துடைத்து, சூடு தாங்கும், இரப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். புதுப் பேடு கனமாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அதன் முகத்தில் வைத்து, சி கிளாம்பால் மெல்ல அமுக்கினேன். அப்போது ஆயில் மேலேறிக் குப்பியிலிருந்து வழியப் பார்த்தது. நான் ஊற்றிய அதே ஆயில். முன்பே உறிஞ்சி எடுத்து வைத்திருக்க வேண்டும்; பெயிண்டின்மேல் பட்டால் பெயிண்டைத் தின்றுவிடும். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையாது; ஈரம் ஏறினால் 140 பாகை வரை இறங்கிவிடும். கொதித்தால் ஆவி பிறக்கும், ஆவி அமுங்கும், மிதிகட்டை இறங்கிவிடும். ஆகவே திறந்துவைத்த பழைய டப்பாவை ஊற்றாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் பூட்டியபின் வண்டியை எடுக்கப் போனவனை மீண்டும் நிறுத்தினார். "முதல்ல மிதிச்சுப் பாருங்க ஹஜரத்." மிதித்தேன். கால் தரை வரை போயிற்று! பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் மீண்டும் பேடைத் தொடும்வரை முதல் சில மிதிகளுக்குப் பிடிப்பே இராது. பல முறை மிதித்து, கட்டை இறுகிய பின்பே வண்டி நகர வேண்டும். இதை அறியாமல் வாசலைத் தாண்டியவர்கள் எதிர்வீட்டுச் சுவரில் போய் நின்றிருக்கிறார்கள் என்றார். சக்கர நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே முடுக்கி, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் முடுக்கினோம்.

ஒரு சொல் இங்கே அவசியம். பேடு மாற்றுவதை ஒருமுறை அறிந்தவர் அருகிருக்கச் செய்து பழகியவர், பொறுமையோடு வீட்டில் செய்யலாம். ஆயில் குழாயைத் திறக்கும் வேலை, மாஸ்டர் சிலிண்டர், ஏ.பி.எஸ். அமைப்பு, பொத்தானால் இயங்கும் மின் கைபிரேக் உள்ள புது வண்டிகளின் பின்பக்கம் ஆகியவை தேர்ந்த பட்டறைக்கே உரியவை. எனினும் கேட்பதும், பார்ப்பதும் எல்லோருக்கும் உரியவை. மாதம் ஒருமுறை ஆயிலின் அளவைப் பாருங்கள். டயர் மாற்றும்போதெல்லாம் கைவிளக்கை உட்பக்கமும் திருப்புங்கள். உராய்வுப் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். வண்டியை ஓட்டாத பெண்களும் பிள்ளைகளும் சொல்வதையும் கேளுங்கள். ஓட்டுபவனின் செவி பழகிப்போயிருக்கும். பயணம் செய்பவரின் செவி விழித்திருக்கும்.

வழியில் நின்ற ஒரு பெண்மணி

கல்லூரியில் வரலாறு படித்தவன் ஆதலால், கையைக் கழுவிய இரவே பிரேக்கின் கதையைத் தேடிப் படித்தேன். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸுக்குத் தெரியாமல் அவர் படைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரு புதல்வர்களோடு மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. அவர் அதைக் கேளாதவர்போல் போகவில்லை. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணியடிக்கச் செய்தார். தேய்ந்தால் மாற்றத்தக்க பிரேக் உறை பிறந்தது அப்படித்தான் என்று கூறுகிறார்கள். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே பிரேக் தேய்ந்திருக்கிறது; வழியிலேயே நின்று சரி செய்யப்பட்டிருக்கிறது. அதைச் செய்தவர் தாய்வீட்டுக்குப் போன ஒரு தாய்.

அந்தத் தோலின் வழித்தோன்றல்களை இன்று நம் தமிழகமே நாட்டுக்குச் செய்து தருகிறது. சென்னைப் பாடியில் 1962ஆம் ஆண்டு பிரேக்ஸ் இந்தியா நிறுவனமும், 1974ஆம் ஆண்டு சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனமும் தொடங்கப்பட்டன. பின்னதன் ஆலை எங்கள் விருதுநகர் மாவட்டத்திலும் உண்டு. பொருளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எங்கள் கவனத்தில்தான்.

தாயாரின் சொல்

மதுரையில் தாயாரின் கண் அறுவைக்குக் குறித்த நாள் அதற்கு மறுநாள். 80 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். புதுப் பேடும் புது வட்டும் ஒன்றோடொன்று பொருந்த, மிதமான வேகத்தில் பல முறை மிதித்து, இடையே ஆறவிட்டுப் பழக்க வேண்டும். உடனே நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போவது நல்லதன்று என்று அண்ணாச்சி கூறிவிட்டார். வண்டி வாங்கியதே தாயாருக்காக. அவருக்குத் தேவைப்பட்ட நாளில் அது நிற்கிறது. தலை குனிந்தபடி போய், "அம்மா, நாளைக்குப் பேருந்தில்தான் போக வேண்டியிருக்கும். பிரேக் கெட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை" என்றேன்.

தாயார் தஸ்பீஹை மடியில் வைத்தார். "தெரியும்ப்பா. கண்ணு தெரியாத எனக்குத்தான் அந்தச் சத்தம் நல்லாக் கேட்டுச்சே. போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போகையிலேயே கேட்டேன்" என்றார்.

"ஏனம்மா சொல்லவில்லை?"

"புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், என் கண்ணுக்குக் கட்டணும். இதையும் சொல்லி உன்னைக் கஷ்டப்படுத்தணுமான்னு இருந்துட்டேன்."

என்னிடம் இல்லாத பணத்தை எண்ணித் தாயார் வாய் மூடியிருந்தார். அதே பணத்தை எண்ணி நான் செவி மூடியிருந்தேன். இருவருக்கும் இடையே ஓர் இரும்பு இரும்பை அறுத்துக்கொண்டிருந்தது. வீட்டிலுள்ள எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கேட்டதைச் சொன்னவள் பத்து வயதுக் குழந்தை மட்டுமே. அவளையும் மழை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பேருந்தில் சென்றோம். அறுவை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். கட்டு அவிழ்த்தபின் தாயார் முதலில் கேட்டது, "வண்டி இப்ப நிக்குதா?" என்பதுதான்.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் எங்கள் வீட்டில் ஒரு சிறு வழக்கம். மகள் கைவிளக்கோடு வருவாள். ஆயில் குப்பியின் கோட்டைப் பார்த்து அளவைச் சொல்வாள். தெருமுனை வரை மெதுவாக ஓட்டிச் சென்று மிதிப்பேன். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். கைப்பேசியை அணைத்துவிடுகிறோம். ஓசை இல்லை என்று அவள் சொன்ன பிறகே பெரிய சாலைக்குத் திரும்புகிறேன்.

அந்த மாணவனும் வழக்கம்போல் ஓத வருகிறான். சென்ற வாரம் அவன் அந்த இரண்டு 'ஹா'க்களையும் பிழையின்றி உச்சரித்தான். "நல்லா இருக்கு" என்றேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்று நாவரை வந்தது. சொல்லவில்லை. அவன் சைக்கிளின் பிரேக் கட்டையைக் குனிந்து பார்த்தேன். தேய்ந்திருந்தது. அன்று மாலை அவனை அருகில் உட்காரவைத்து, புதியதை நானே மாட்டிக் கொடுத்தேன்.